29 வயது, புகைத்ததே இல்லை: மலையகப் பெண்ணொருவரின் நுரையீரல் புற்றுநோய் - நிகழ்வு ஆய்வு

நோயாளி 29 வயதுப் பெண். இலங்கை மலையகத்தின் பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. நான்கு வயதில் ஒரு மகள். பீடி, சிகரெட், வெற்றிலை எதுவும் பழக்கமில்லை. நான்கு மாத வறட்டு இருமல், வலப்பக்க நெஞ்சில் நீர், ஆறு வாரம் காசநோய் மருந்து என்று எல்லாம் கடந்துதான் கண்டியில் நாங்கள் பார்க்கும் வார்ட்டுக்கு வந்தார். கடைசியில் தெரிந்த நோய் நுரையீரல் அடினோகார்சினோமா (சுரப்பிக் கலங்களில் தொடங்கும் புற்று), 4ஆம் நிலை. கட்டியில் ஏ.எல்.கே. மரபணு இடம் மாறி வேறொரு மரபணுவோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

அவருடைய சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். எழுதுவதற்குக் காரணம் ஒன்றுதான். புகைக்காத இளம் வயதினருக்கு வரும் நுரையீரல் புற்றுநோயை, முப்பது வருடம் புகைத்த 65 வயதுக்காரருக்கு வருவதைப் போல நினைத்துக்கொண்டு வைத்தியம் செய்யக் கூடாது. அது பெரும்பாலும் ஒரே ஒரு மரபணு மாற்றத்தால் ஓடும் நோய். அந்த மாற்றம் எதுவென்று தெரிந்துகொள்வதற்கு முன் எடுக்கும் எந்தச் சிகிச்சை முடிவும் அரைகுறை முடிவுதான்.

இருமல் தொடங்கிய காலம்

முதலில் தோட்டத்து டிஸ்பென்சரியில் அமொக்சிசிலின் கொடுத்தார்கள். இருமல் நிற்கவில்லை. பனிக்காலம் என்பதால் வீசிங் என்று சொல்லி சல்பியூட்டமோல் பம்ப் கொடுத்தார்கள். அதற்கும் பலனில்லை. மூன்றாம் மாதம் மலைப்பாதையில் பிள்ளைக்காம்பராவுக்கு ஏறும்போது மூச்சு வாங்கத் தொடங்கியது. வலப்பக்கம் சாய்ந்து படுத்தால்தான் ஓரளவு தூக்கம். காய்ச்சல் இல்லை, இரவு வியர்வை இல்லை, சளியில் இரத்தமும் இல்லை. நிறை மட்டும் 51 கிலோவிலிருந்து 46 ஆகிவிட்டது.

அருகிலுள்ள ஆஸ்பத்திரி ஒன்றில் எக்ஸ்ரே எடுத்தபோது வலது நுரையீரலின் கீழ்ப்பாதி வெள்ளையாகத் தெரிந்தது. ஊசி போட்டு ஏறக்குறைய ஒரு லீற்றர் நீரை எடுத்தார்கள். வைக்கோல் நிறம், இலேசான சிவப்பு. புரதம் கூடுதல், கலங்களில் பெரும்பகுதி லிம்போசைட்டுகள். நீரில் பார்க்கும் ஏ.டி.ஏ. என்ற நொதியின் அளவு 36, 40ஐத் தாண்டினால் காசநோயைப் பலமாகச் சந்தேகிப்போம். சளியில் கிருமி இல்லை. ஜீன்எக்ஸ்பர்ட் பரிசோதனையிலும் இல்லை. மாண்டூ தோல் பரிசோதனை 14 மில்லிமீற்றர், காசநோய்க் கிருமி உடலில் பட்டிருக்கலாம் என்று காட்டும் அளவு. அப்பாவுக்கு எட்டு வருடத்துக்கு முன் காசநோய் வந்து ஆறு மாதம் மருந்து குடித்திருக்கிறார்.

இந்த நிலையில் காசநோய் மருந்தைத் தொடங்கியதை நான் குறை சொல்ல மாட்டேன். பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவில் ஆறேழு பேர் படுத்து எழும்பும் இடத்தில், வீட்டில் ஏற்கெனவே ஒருவருக்கு நோய் வந்திருக்கும்போது, இள வயதுக்காரியின் நெஞ்சில் நீர் என்றால் முதலில் நினைக்க வேண்டியது காசநோயைத்தான். எனக்குள்ள மனத்தாங்கல் வேறு. எடுத்த நீரில் சிறிய பாட்டில் ஒன்றில் கொஞ்சம் போய், அதில் புற்றுக்கலம் இல்லை என்று பதில் வந்தது. மீதி அத்தனையும் ஊற்றப்பட்டுவிட்டது. ஆறு வாரத்துக்குப் பிறகு நீர் மறுபடி நிறைந்து, இந்த முறை இரத்தமாகவே வந்தபோதுதான் கண்டிக்கு அனுப்பினார்கள்.

பிறந்தவுடன் பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசி போடும் நாட்டில் மாண்டூ பரிசோதனைக்குக் கொடுக்கும் பெறுமதியையும் இங்கே யோசிக்க வேண்டும். காசநோய்க் கிருமி அந்த வீட்டில் இருந்ததை அது சொல்லலாம். நெஞ்சில் நிறையும் நீருக்கு அந்தக் கிருமிதான் காரணம் என்று அது சொல்லாது. மருந்து தொடங்கி ஆறு வாரத்தில் நீர் குறைய வேண்டும். கூடினால், அதிலும் இரத்தமாகக் கூடினால், வேறு காரணம் தேட வேண்டும்.

வார்ட்டில் கண்டவை

ஹட்டன், கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று பஸ் மாறி மாறி வந்து சேர்ந்தபோது நிமிடத்துக்கு 28 தடவை மூச்சு எடுத்துக்கொண்டிருந்தார். ஒட்சிசன் 93 சதவீதம். வலப்பக்கக் காறை எலும்புக்கு மேலே கடலைப் பருப்பு அளவில் இரண்டு நெறிக்கட்டிகள், கல் மாதிரி. இடது கெண்டைக்கால் வலது காலைவிட மூன்று சென்ரிமீற்றர் பருத்திருந்தது. பஸ்ஸில் தொங்கப் போட்டு வந்ததால் வீங்கியிருக்கும் என்று அவரே சொன்னார். அல்ட்ராசவுண்டில் பார்த்தபோது ஆழ்நாளத்தில் இரத்தக்கட்டி.

சி.டி. ஸ்கேனில் வலது நுரையீரலின் கீழ்மடலில் 2.8 சென்ரிமீற்றர் கட்டி, நடு நெஞ்சில் பருத்த நெறிக்கட்டிகள், நுரையீரல் உறையில் சிறு முடிச்சுகள், இருதய உறையைச் சுற்றி மெல்லிய நீர்ப்படலம். கட்டி சிறியது, பரவல் பெரியது. இள வயதினரின் நுரையீரல் புற்றில் இந்தப் பொருத்தமின்மையை அடிக்கடி காணலாம். நாலைந்து சென்ரிமீற்றருக்கு வளர்ந்து மூச்சுக்குழாயை அடைத்து, இரத்தமாகத் துப்பி, அதற்குப் பிறகு பரவும் வழக்கம் இதற்கு இல்லை.

நெஞ்சில் குழாய் போட்டு நீரை வடித்தோம். இம்முறை 200 மில்லிலீற்றர் அளவைத் தனியாகப் பிடித்து, அன்றே ஆய்வுகூடத்துக்கு அனுப்பி, சுழற்றிப் படியவைத்து, படிந்த கலங்களை ஃபோர்மலினில் இட்டு மெழுகுக்கட்டியாகச் செய்யச் சொன்னோம். இரத்தக்கட்டிக்குக் கொடுத்துவந்த எனொக்சபாரின் ஊசியை ஒரு நாள் நிறுத்திவிட்டு உறையிலிருந்தும் திசு எடுத்தோம்.

மெழுகுக்கட்டி பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்த நிகழ்வின் திருப்பமே அதில்தான் இருக்கிறது. கண்ணாடித் தகட்டில் பூசிப் பார்க்கும் சைட்டொலொஜி, புற்றுக்கலம் இருக்கிறதா இல்லையா என்று சொல்லும். அதற்கு மேல் அதிகம் செய்ய முடியாது. மெழுகுக்கட்டியாகச் செய்துவிட்டால் அதே நீரிலிருந்து பத்து, பதினைந்து மெல்லிய சீவல்கள் எடுக்கலாம். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சாயம் ஏற்றலாம். மிச்சத்தில் மரபணுப் பரிசோதனை செய்யலாம். ஃபோர்மலினில் ஆறு மணி நேரத்துக்குக் குறையாமலும் மூன்று நாளுக்கு மேற்படாமலும் வைத்திருப்பது நல்லது. அல்கஹோலில் போட்டால் ஏ.எல்.கே. சாயம் சரியாகப் பிடிக்காமல் போகலாம். உடனே அனுப்ப வழியில்லாத மலை ஆஸ்பத்திரிகளில், நீரைச் சாதாரண ஃபிரிட்ஜில் 4 பாகையில் வைத்து மறுநாள் காலை வாகனத்தில் அனுப்பினாலும் கலங்கள் தாக்குப்பிடிக்கும். நோயாளியை மறுபடி குத்தாமல் மரபணு வரை போய்விடலாம். செலவு மிகக் குறைவு. செய்யத் தெரிந்த ஒருவர் இருந்தால் போதும்.

திசுவில் தெரிந்தது

நுணுக்குக்காட்டியில் அடினோகார்சினோமா. கலங்கள் பலவற்றில் சளி நிரம்பி, கரு ஓரத்துக்குத் தள்ளப்பட்டு, கல் பதித்த மோதிரம் போன்ற வடிவம். இந்த மோதிரக் கலங்களைக் கண்டால் பலருக்கும் முதலில் இரைப்பைப் புற்றுதான் நினைவுக்கு வரும். இரைப்பைக்கு எண்டொஸ்கொபி செய்வோமா என்ற பேச்சும் எழுந்தது. ஆனால் டி.டி.எஃப்-1, நப்சின்-ஏ இரண்டு சாயமும் பிடித்தன. அப்படியானால் கட்டி நுரையீரலில் பிறந்ததுதான். நுரையீரல் அடினோகார்சினோமாவில் மோதிரக் கலம், புகைக்காதவர், இள வயது, நெஞ்சில் நீர் என்று நான்கும் சேர்ந்து வந்தால், ஏ.எல்.கே. என்று சந்தேகிக்க அதுவே போதும்.

இந்தப் புற்றில் அடிக்கடி மாறியிருக்கும் இன்னொரு மரபணுவான ஈ.ஜி.எஃப்.ஆரில் மாற்றம் இல்லை. டி5எஃப்3 என்ற எதிர்ப்பொருளைக் கொண்டு செய்யும் ஏ.எல்.கே. சாயம், பார்த்த கலங்கள் எல்லாவற்றிலும் கடும் பழுப்பாக ஏறியிருந்தது. அமெரிக்க எஃப்.டி.ஏ. 2015இல் இந்தச் சாயப் பரிசோதனையை மருந்து தொடங்கப் போதுமான ஆதாரமாக ஏற்றுக்கொண்டது. பெரிய மரபணு வரிசைப் பரிசோதனைக்கு வழியில்லாத நாடுகளுக்கு அது பெரிய உதவி. சாதாரண நோயியல் ஆய்வுகூடத்தில் ஓரிரு நாளில் முடியும் வேலை.

உடலின் எதிர்ப்புக் கலங்களைத் தடுக்கக் கட்டி பயன்படுத்தும் பி.டி.எல்-1 என்ற புரதத்தின் அளவு 60 சதவீதம் என்றும் வந்தது. நோயெதிர்ப்புச் சிகிச்சையைத் தொடங்கத் தூண்டும் எண் இது. ஏ.எல்.கே. முடிவு வராமல் இந்த எண் மட்டும் கைக்கு வந்திருந்தால், நல்ல எண்ணத்தோடேயே தவறான மருந்தைத் தொடங்கியிருக்கக்கூடும். ஏ.எல்.கே. கட்டிகளில் பி.டி.எல்-1 கூடுதலாகத் தெரிந்தாலும் அந்த மருந்துகள் வேலை செய்வதில்லை. 2019இல் வெளிவந்த பன்னாட்டுப் பதிவேடு ஒன்றில், நோயெதிர்ப்பு மருந்தை மட்டும் பெற்ற ஏ.எல்.கே. நோயாளர்களில் ஒருவருக்குக் கூடக் கட்டி சுருங்கவில்லை. புகைத்தவரின் கட்டியில் பிறழ்வுகள் ஏராளம் என்பதால் உடலின் எதிர்ப்புக் கலங்களுக்கு அது அந்நியமாகத் தெரியும். இதில் பிறழ்வுகள் சொற்பம். அடையாளம் காண எதுவும் இல்லை. போதாததற்கு, நோயெதிர்ப்பு மருந்தைக் கொடுத்துவிட்டு அதன் பின்னால் ஏ.எல்.கே. மருந்தைத் தொடங்கினால் ஈரல் கடுமையாகப் பாதிக்கப்படும் ஆபத்து கூடுகிறது. ஈ.ஜி.எஃப்.ஆர். நோயாளருக்கு அதே வரிசையில் அவர்களுக்குரிய ஒசிமெர்டினிப் மருந்தைக் கொடுத்தால் நுரையீரல் அழற்சி வரும் ஆபத்து. ஆகவே மரபணு முடிவு வரும் வரை இரண்டு வாரம் காத்திருப்பதே நல்லது. காத்திருக்க முடியாத அளவுக்கு நோய் முற்றியிருந்தால் பிளாட்டினம், பெமெட்ரெக்செட் கீமோவை மட்டும் ஒரு சுற்றுக் கொடுக்கலாம். நோயெதிர்ப்பு மருந்தைச் சேர்க்காமல்.

மூளைக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தோம். தலைவலி, வாந்தி, வலிப்பு எதுவுமே இல்லாதவரின் மூளையில் மூன்று புள்ளிகள். பெரியது 9 மில்லிமீற்றர்.

ஒரே ஒரு முறிவு

ஏ.எல்.கே. மரபணு எல்லாருக்கும் உண்டு. கருவில் நரம்பு மண்டலம் உருவாகும்போது அதற்கு வேலை. வளர்ந்தவரின் நுரையீரலில் அது சத்தமில்லாமல் கிடக்கும். இரண்டாம் நிறமூர்த்தத்தின் ஒரு துண்டு முறிந்து தலைகீழாகத் திரும்பி ஒட்டும்போது, ஈ.எம்.எல்-4 என்ற மரபணுவின் முன்பகுதி ஏ.எல்.கே.யின் பின்பகுதியோடு சேர்ந்துவிடுகிறது. ஈ.எம்.எல்-4 எப்போதும் இயங்கும் மரபணு. அதனால் தூங்கிக் கிடந்த ஏ.எல்.கே.யும் எப்போதும் இயங்கத் தொடங்குகிறது. ஒட்டிய புரதங்கள் இரண்டிரண்டாகப் பிணைந்து, வெளியிலிருந்து எந்தக் கட்டளையும் இல்லாமலே 'வளர், பிரி' என்று கலத்துக்குச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. ஜப்பானில் ஹிரோயுகி மானோவின் குழு இதை 2007இல் கண்டுபிடித்தது. நான்கு வருடத்துக்குள், 2011இல், கிரிசோடினிப் மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. புற்றுநோய் மருத்துவத்தில் கண்டுபிடிப்பிலிருந்து மாத்திரை வரை இவ்வளவு வேகமாகப் போன கதைகள் குறைவு.

ஏன் இளையவர்களுக்கு? புகைத்தவரின் கட்டி உருவாக வருடக்கணக்கில் பிறழ்வுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர வேண்டும். இங்கே ஒரு முறிவே பெரும்பகுதி வேலையைச் செய்துவிடுகிறது. பல பத்தாண்டுகள் காத்திருக்கத் தேவையில்லை. சிறுகலமல்லாத நுரையீரல் புற்றுகளில் (அடினோகார்சினோமாவும் இதில் சேரும்) மொத்தமாக 3 முதல் 5 சதவீதமே ஏ.எல்.கே. ஆனால் 40 வயதுக்குட்பட்டவர்களை மட்டும் எடுத்தால் அந்தப் பங்கு பல மடங்காகிறது. வேறு இரண்டு மரபணுக்களில் வரும் ஆர்.ஓ.எஸ்-1 இணைவும், ஹெர்-2 மாற்றமும் அப்படித்தான். புகையோடு கைகோத்து வரும் கே-ராஸ் மாற்றம் இளையவர்களில் குறைகிறது. ஈ.ஜி.எஃப்.ஆர். ஆசிய நாடுகளில் எல்லா வயதிலும் அதிகம்; கிழக்காசியாவில் அடினோகார்சினோமாக்களில் ஏறத்தாழப் பாதி அதுவே.

இப்படி மருந்துள்ள மாற்றங்கள் இளையவர்களிடம் அதிகமாக இருந்தும், 2016இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில் 40 வயதுக்குட்பட்டவர்கள் நடுத்தர வயதினரைவிடக் குறைந்த காலமே வாழ்ந்தார்கள். எழுபதைத் தாண்டியவர்களுக்கு அருகில்தான் நின்றார்கள். கண்டுபிடிக்கும்போதே பெரும்பாலும் 4ஆம் நிலை என்பது ஒரு காரணம். இளையவர்களின் கட்டி உயிரியலில் இன்னும் ஏதோ வேறுபாடு இருப்பதாகவும் பலர் கருதுகிறார்கள்.

இவரிடம் கட்டி நடந்துகொண்ட விதம் முழுக்க ஏ.எல்.கே.யின் இயல்பு. நுரையீரல் உறை, இருதய உறை இரண்டையும் அது விரும்பித் தேடிப் போகும். நோய் தெரியும்போதே நாலில் ஒருவருக்கு, சில வேளை மூன்றில் ஒருவருக்கு, மூளையில் இருக்கும். அறிகுறி இல்லாமலும் இருக்கும். அதனால்தான் தலைவலி இல்லாவிட்டாலும் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். இரத்தக்கட்டி இன்னொன்று: ஏ.எல்.கே. நோயாளர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு நோய்க்காலத்தில் நாளத்திலோ நுரையீரலிலோ இரத்தக்கட்டி வருவதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. மற்ற நுரையீரல் புற்றுகளைவிட இது மிக அதிகம். ஆர்.ஓ.எஸ்-1இலும் இப்படியே. திடீரென்று மூச்சு வாங்கினால் நீர் மறுபடி சேர்ந்துவிட்டது என்று மட்டும் நினைக்கக் கூடாது.

ரிஃபாம்பிசின் என்ற முட்டுக்கட்டை

நம் ஊர்களில் இந்த நோயைப் பார்க்கும் எவரும் மனதில் வைக்க வேண்டிய விடயம் இது. ரிஃபாம்பிசின் ஈரலில் மருந்துகளைக் கரைக்கும் நொதிகளை முடுக்கிவிடும். அதோடு சேர்த்து கிரிசோடினிப் கொடுத்தால் இரத்தத்தில் மருந்து பெருமளவு குறைந்துவிடும். பிந்திய ஏ.எல்.கே. மருந்தான லோர்லாடினிப்போடு சேர்த்துக் கொடுக்கவே கூடாது. ஆரோக்கியமானவர்களிடம் செய்த பரிசோதனையிலேயே ஈரல் நொதிகள் ஆபத்தான அளவுக்கு ஏறின. இன்னொரு ஏ.எல்.கே. மருந்தான அலெக்டினிப் ஓரளவு தப்பும். வாயால் குடிக்கும் அபிக்சபான் போன்ற இரத்தக்கட்டி மருந்துகளும் ரிஃபாம்பிசினோடு வலுவிழந்துவிடும்.

ஆகவே காசநோய் உண்மையில் இருக்கிறதா என்று முதலில் தீர்க்க வேண்டியிருந்தது. உறைத் திசுவில் காசநோயில் காணும் கலத்திரளான கிரனுலோமா இல்லை. திசுவில் செய்த ஜீன்எக்ஸ்பர்ட்டிலும் கிருமி இல்லை. மார்புநோய் வைத்தியரோடு பேசி மருந்தை நிறுத்தினோம். எட்டு வாரம் கழித்து வந்த கல்ச்சர் பதிலும் எதிர்மறையே. ஏ.எல்.டி. என்ற ஈரல் நொதி 96 வரை ஏறியிருந்தது, பத்து நாளில் அடங்கியது. அதுவரை எனொக்சபாரின் ஊசியையே தொடர்ந்து, ரிஃபாம்பிசினின் தாக்கம் உடலை விட்டுப் போக இரண்டு வாரம் கொடுத்து, அப்புறம் அபிக்சபானுக்கு மாறினோம்.

இரண்டு நோயும் ஒன்றாக வருபவர்களும் உண்டு. அவர்களுக்கு ரிஃபாம்பிசினுக்குப் பதிலாக வேறு மருந்து வைப்பதா, எந்த ஏ.எல்.கே. மருந்தைத் தேர்வதா என்று இரண்டு துறையினரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேச வேண்டும். இரண்டு கிளினிக் கார்டுகள் தனித்தனியாகப் போய்க்கொண்டிருந்தால் இது யார் கண்ணிலும் படாது.

மருந்து

மூளைக்கு முழுக் கதிர்வீச்சு கொடுப்பதா என்பது அடுத்த கேள்வி. 29 வயது, அறிகுறி இல்லாத மூன்று சிறு புள்ளிகள், நீண்ட காலம் வாழக்கூடிய நோய். முழு மூளைக் கதிர்வீச்சு சில வருடத்தில் நினைவாற்றலைத் தின்னும். அலெக்டினிப் மூளைக்குள் நன்றாகப் போகும் மருந்து. 2017இல் வெளியான அலெக்ஸ் ஆய்வில், ஒரு வருடத்துக்குள் மூளையில் நோய் முன்னேறியவர்கள் அலெக்டினிப் குழுவில் 9.4 சதவீதம், கிரிசோடினிப் குழுவில் 41.4. ஆகவே கதிர்வீச்சை ஒதுக்கி வைத்துவிட்டு மாத்திரையைத் தொடங்கினோம். எட்டு வாரத்தில் மறுபடி எம்.ஆர்.ஐ. எடுப்பது என்று முடிவு.

அளவு 600 மில்லிகிராம், காலையும் இரவும் சாப்பாட்டோடு. 150 மில்லிகிராம் குளிகை என்பதால் ஒரு வேளைக்கு நான்கு, ஒரு நாளைக்கு எட்டு. சாப்பாட்டோடு என்பதை இரண்டு தடவை சொன்னோம். காலையில் வெறும் பிளேன்டீயோடு வேலைக்குப் போவது தோட்டத்துப் பழக்கம். வெறும் வயிற்றில் இந்த மருந்து பாதியளவுகூட உடலில் சேராது. ரொட்டி, தேங்காய்ச் சம்பல், பருப்பு என்று வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத்தான் குடிக்க வேண்டும்.

மருந்து கிடைத்த கதை தனி. ஜனாதிபதி நிதியத்துக்கு விண்ணப்பம், கொழும்பில் கடையில் நிற்கும் தம்பியின் சம்பளத்தில் பாதி, கோயில் கமிட்டி சேர்த்துக் கொடுத்த பணம், இந்தியாவிலிருந்து எடுப்பித்த சில மாதத்து மருந்து. ஒரு நாள் கூட விடாமல் அந்தக் குடும்பம் மருந்தைத் தொடர்ந்தது.

பத்தாம் நாள் இருமல் நின்றது. எட்டாம் வாரம் 2.8 சென்ரிமீற்றர் கட்டி 0.9 ஆகியிருந்தது; நீர் இல்லை; இருதய உறை சுத்தம்; மூளையின் மூன்று புள்ளிகளில் இரண்டு இல்லை. ஆறாம் மாதம் மூன்றாவதும் மறைந்தது. நிறை 53 கிலோ.

பக்கவிளைவுகளில் மலச்சிக்கல்தான் அவருக்குப் பெரிய தொல்லை. முதல் மாதம் தொடையும் தோளும் உளைந்தன, சி.பி.கே. என்ற தசை நொதி 600ஐத் தாண்டியது, அளவைக் குறைக்காமலே இறங்கியது. நாடித்துடிப்பு 52, மயக்கம் இல்லாததால் விட்டுவிட்டோம். வெயில்தான் எதிர்பாராத சிக்கல். அலெக்டினிப் குடிப்பவருக்குத் தோல் சீக்கிரம் கருகும். 1,200 மீற்றருக்கு மேலே, மூட்டம் போட்டு ஜில்லென்று இருக்கும் நாளிலும் சூரியனின் புற ஊதாக் கதிர் கடுமையாகவே இறங்குகிறது. குளிர்கிறதே என்று அவர் தலையில் எதுவும் போடாமல் நடந்து கன்னமெல்லாம் கொப்பளித்து வந்தார். அதன்பின் குடையும் நீளக்கை சட்டையும்.

அம்மா கேட்டவை

கொழுந்து பறிக்கும் அம்மா ஒவ்வொரு கிளினிக்குக்கும் கூட வருவார். முதல் நாளே கேட்டார்: "பீடி சிகரெட்ட கையால தொட்டதில்லீங்க டொக்டர் ஐயா. இவளுக்கு எப்படிங்க வந்துச்சு? எங்க வம்சத்துல இருக்குதுங்களா?"

இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது. இந்த முறிவு கட்டியின் கலங்களில் மட்டும் உள்ளது; பிறப்பில் வந்ததில்லை, மகளுக்குப் போகாது, தங்கைகளுக்குப் பரிசோதனை வேண்டாம். டி.பி.53 போன்ற மரபணுக்களில் பிறவியிலேயே மாற்றமுள்ள குடும்பங்கள் உலகில் உண்டு. அங்கே இளவயதில் பலருக்குப் பலவகைப் புற்று வந்திருக்கும். இந்தக் குடும்பத்தில் அப்படி யாருமில்லை. தங்கைக்குக் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. "பரம்பரை நோய்" என்று லயத்தில் ஒரு சொல் கிளம்பியிருந்தால் அந்தப் பேச்சு அத்தோடு முறிந்திருக்கும். இதை விளங்கப்படுத்த ஒதுக்கும் பத்து நிமிடமும் சிகிச்சையின் ஒரு பகுதி என்றே நான் நினைக்கிறேன்.

"அடுப்புப் புகையா ஐயா?" என்பது அடுத்த கேள்வி. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் வீட்டுக்குள் எரியும் விறகுப் புகையை மனிதருக்குப் பெரும்பாலும் புற்று உண்டாக்கக்கூடியது என்ற வகையில், 2ஏ பிரிவில், வைத்திருக்கிறது. ஆனால் ஏ.எல்.கே. முறிவு அந்தப் புகையால்தான் வந்தது என்று சொல்ல ஆதாரம் கிடையாது. நான் சொல்லவும் இல்லை. காலமெல்லாம் அந்த அடுப்பில் சமைத்த தாய், மகளுக்கு நோயைக் கொடுத்தது நான்தான் என்று மீதி வாழ்நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருக்கக் கூடாது. அடுப்பை வெளியே போட்டு, புகைபோக்கி வையுங்கள் அம்மா, உங்கள் மூச்சுக்கும் பேத்தியின் மூச்சுக்கும் நல்லது என்று மட்டும் சொன்னேன்.

ஆறாம் மாத ஸ்கேனைப் பார்த்துவிட்டு, "அப்ப வேரோட போயிருச்சுங்களா?" என்றார். போகவில்லை என்று நான் சொல்லத் தொடங்குமுன் மகளே பதில் சொன்னார்: "கவ்வாத்து வெட்டுன மாதிரிம்மா. மரம் இருக்கு." அதைவிடச் சரியாக என்னால் சொல்லியிருக்க முடியாது.

26ஆம் மாதம்

வலது விலாவுக்குக் கீழே மந்தமான வலி, ஏ.எல்.டி. மெல்ல ஏறியது. ஸ்கேனில் ஈரலில் இரண்டு புதிய கட்டிகள். நுரையீரலும் மூளையும் மாறாமல் இருந்தன. இந்தக் கட்டத்தில் இரத்தத்தில் மிதக்கும் கட்டி டி.என்.ஏ.யைப் பரிசோதிக்கலாம், மாற்றம் தெரிந்தால் நம்பலாம், தெரியாவிட்டால் இல்லை என்று முடிவுகட்ட முடியாது. ஈரலிலிருந்து திசுவே எடுத்து, முழு மரபணு வரிசைப் பரிசோதனைக்கு இந்தியாவுக்கு அனுப்பினோம்.

பதிலில் மூன்று விடயங்கள். ஈ.எம்.எல்-4 இணைந்த இடம் மூன்றாம் வகை: ஒட்டிய ஈ.எம்.எல்-4 துண்டு குட்டையாக இருக்கும். இந்த வகைக் கட்டிகள் மருந்துக்குக் கொஞ்சம் முரட்டுத்தனமாகவே நடப்பவை. இரண்டாவது, கட்டியின் டி.பி.53இல் மாற்றம், அது கூட இருந்தால் நோய் விரைவாகத் திரும்புகிறது. மூன்றாவது, ஏ.எல்.கே.க்குள்ளேயே ஜி1202ஆர் என்ற புதிய பிறழ்வு. மருந்து போய் உட்காரும் குழியின் வாசலில் அமினோ அமிலம் ஒன்று பருத்த அமிலமாக மாறி, அலெக்டினிப் நுழைய முடியாமல் செய்கிறது. மூன்றாம் வகையில் இந்தப் பிறழ்வு மற்றவற்றைவிட அதிகம் வருகிறது. அலெக்டினிப்பைத் தாண்டி வளரும் கட்டிகளில் ஏறத்தாழப் பாதியில் ஏ.எல்.கே.க்குள் ஏதாவதொரு பிறழ்வு இருக்கும். மீதியில் கட்டி வேறு பாதை பிடித்திருக்கும். அதனால்தான் அடுத்த மருந்தை ஊகத்தில் தொடங்காமல் மறுபடி திசு எடுக்கிறோம்.

ஜி1202ஆரை மீறி வேலை செய்வது லோர்லாடினிப், 100 மில்லிகிராம், நாளுக்கு ஒன்று. முதல் மருந்தாகவே இதைக் கொடுத்த கிரவுன் ஆய்வில் ஐந்து வருடத்தின் முடிவிலும் 60 சதவீதத்தினருக்கு நோய் முன்னேறவில்லை. கிரிசோடினிப் குழுவில் 8 சதவீதம். நம் நோயாளிக்கு இது இரண்டாவது மருந்து என்பதால் அந்த எண்ணை இவருக்குப் பொருத்தக் கூடாது. 12 வாரத்தில் ஈரல் கட்டிகள் பாதிக்கும் கீழே சுருங்கின.

இந்த மருந்தின் விலை வேறு விதமாக வந்தது. மொத்த கொலஸ்ட்ரோல் 190இலிருந்து 342. ரொசுவாஸ்டடின் தொடங்கினோம். லோர்லாடினிப் அபிக்சபானின் அளவைக் குறைக்கலாம் என்பதால் எனொக்சபாரின் ஊசிக்குத் திரும்பினோம். கணவர் போடப் பழகிக்கொண்டார். ஹோர்மோன் கருத்தடை இந்த மருந்தோடு நம்ப முடியாதது, அதனால் மருத்துவமாது மூலம் லூப். இவையெல்லாம் எதிர்பார்த்தவை. அவரை வருத்தியது மனம். பிள்ளைக்காம்பராவில் தினமும் தூக்கிக் கொஞ்சும் குழந்தையின் பெயர் வாயில் வராது. சொல்ல வந்த சொல் பாதியில் நின்றுவிடும். சும்மா இருக்கும்போது கோபம், அப்புறம் அழுகை. அவராக இதை எங்களிடம் சொல்லவில்லை. கணவர்தான் கிளினிக் வாசலில் தனியாக நின்று, "முந்தி இப்படி இல்லீங்க ஐயா" என்றார். லோர்லாடினிப் எடுப்பவர்களில் பலருக்கு இப்படி ஆகிறது. கேட்காவிட்டால் வெளியே வராது, வீட்டாரிடமும் கேட்க வேண்டும். மருந்தை சில நாள் நிறுத்தி, 75 மில்லிகிராமில் மறுபடி தொடங்கினோம். மூன்று வாரத்தில் பேச்சு சீரானது. ஈரல் கட்டிகள் அந்த அளவிலும் அடங்கியே இருக்கின்றன.

கட்டி மறுபடி வளர்ந்தால் மறுபடி திசு எடுப்போம். ஒரே ஏ.எல்.கே.யில் இரண்டு பிறழ்வுகள் சேர்ந்து வந்தால் லோர்லாடினிப்பும் தோற்கும். அத்தகைய கட்டிகளுக்கென்று நெலடால்கிப் போன்ற புதிய மருந்துகள் ஆய்வில் உள்ளன. கையில் இருக்கும் வழி பிளாட்டினம், பெமெட்ரெக்செட். பெமெட்ரெக்செட் ஏ.எல்.கே. கட்டிகளில் பொதுவாக நன்றாகவே வேலை செய்யும், அதை இன்னும் தொடாமல் வைத்திருக்கிறோம்.

நோய் தெரிந்து மூன்று வருடமாகப் போகிறது. அரை நாள் வேலைக்குப் போகிறார். மகள் பாடசாலையில். லோர்லாடினிப் 75 மில்லிகிராம், ரொசுவாஸ்டடின் 10 மில்லிகிராம், எனொக்சபாரின் தொடர்கின்றன. 12 வாரத்துக்கு ஒரு தடவை சி.டி. ஸ்கேன், அடுத்த மூளை எம்.ஆர்.ஐ. தைப்பொங்கலுக்குப் பிறகு.